நூலும் சட்டமும் – 11: முதலாளிக்குத் தெரியுமா, தெரியாதா?

1911 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் ஐவ்ஸ் என்ற ரயில்வே தொழிலாளி. எதிர்த்தரப்பு, அவர் வேலை பார்த்த சவுத் பஃபலோ ரயில்வே. வேலையில் அடிபட்டால் யார் மேல் தப்பு என்று பார்க்காமல் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று முந்தைய ஆண்டுதான் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. அதுவும் எல்லாத் தொழிலுக்கும் இல்லை, ஆபத்தான சில தொழில்களுக்கு மட்டும். நீதிபதிகள் ஒருமனதாக அதைச் செல்லாது என்றார்கள். தப்பே செய்யாத ஒரு முதலாளியின் பணத்தை எடுத்துத் தொழிலாளிக்குக் கொடுப்பது அவருடைய சொத்துரிமையில் கை வைப்பது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

மறுநாள் சனிக்கிழமை. மாலை நாலே முக்காலுக்குச் சற்று முன்னால், நியூயார்க் நகரில் வாஷிங்டன் பிளேஸும் கிரீன் தெருவும் சந்திக்கும் முனையில், ஆஷ் கட்டடத்தின் எட்டாவது மாடியில் இருந்த தையல் ஆலையில் தீப்பிடித்தது. 146 பேர் செத்தார்கள். 123 பேர் பெண்கள். அதில் பதினாலு வயதுச் சிறுமிகளும் உண்டு.

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ரயில்வே வழக்கு ரயில்வே வழக்குதான். ஆனால் தையல் ஆலையில் முதலாளியின் பொறுப்பு எது, அது எங்கே முடிகிறது என்று தேடுகிறவர்கள் இந்த இரண்டு நாளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நீதிமன்றம் ‘முதலாளி மேல் தப்பு இருந்தால்தான் பொறுப்பு’ என்றது. சனிக்கிழமை நடந்ததற்கு யார் மேல் தப்பு என்று சொல்ல அதே மாநிலத்தின் இன்னொரு நீதிமன்றத்துக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. சொன்ன பதில்: யார் மேலும் இல்லை.

அன்று நடப்பில் இருந்த பழைய சட்டம் எப்படி வேலை செய்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அடிபட்ட தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போடலாம், தடை இல்லை. ஆனால் முதலாளி கையில் மூன்று கேடயம் இருந்தது. ஆபத்தான வேலை என்று தெரிந்துதானே சேர்ந்தாய், அதை நீயே ஏற்றுக்கொண்டாய் என்பது ஒன்று. உன் அடிபாட்டுக்குக் காரணம் உன்னோடு வேலை செய்த இன்னொரு தொழிலாளி, அவன் மேல் போய் வழக்குப் போடு என்பது இரண்டாவது. உன்னிடமும் கொஞ்சம் கவனக்குறைவு இருந்தது, ஆகவே உனக்கு ஒரு காசும் கிடையாது என்பது மூன்றாவது. மூன்றையும் தாண்டி ஜெயித்தவர்கள் மிகக் குறைவு. இதை மாற்றத்தான் அந்த நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. வந்த வேகத்தில் போனது.

போன இதழில் பார்த்த 1909 வேலைநிறுத்தத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூப்பர் யூனியன் அரங்கில் கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண் எழுந்து பேசி, இருபதாயிரம் தையல்காரப் பெண்கள் தெருவுக்கு வந்த கதை. பல கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. போடாத பெரிய கம்பெனி டிரையாங்கிள். மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் என்ற இரண்டு பங்காளிகளின் நிறுவனம். இருவரும் ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள்; அவர்களிடம் தைத்த பெண்களில் பெரும்பாலோரும் அப்படி வந்தவர்கள், மீதிப் பேர் இத்தாலியர்கள். தைத்தது பெண்கள் அணியும் பிளவுஸ். ஆஷ் கட்டடத்தில் எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்று மாடிகளும் அவர்கள் கையில். சுமார் 500 பேர் வேலை.

இந்த 500 பேரில் எத்தனை பேர் கம்பெனியின் சொந்த ஆட்கள் என்று கேட்டால் முதலாளிகளுக்கே சரியாகத் தெரியாது. மெஷினும் இடமும் கரண்டும் கம்பெனியுடையது. ஆனால் வரிசைக்கு ஒரு காண்ட்ராக்டர். கம்பெனி காண்ட்ராக்டருக்குப் பணம் தரும், காண்ட்ராக்டர் தனக்குக் கீழே பெண்களை எடுத்து, தான் பேசிய கூலியைத் தருவார். திருப்பூர்ப் பக்கம் வேலை செய்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கூலி குறைவு என்று வந்தால் காண்ட்ராக்டரைக் கேள் என்பார்கள். சம்பளப் பட்டியலில் பெயரே இல்லாத பெண்ணுக்கு முதலாளி யார்? இந்தக் கேள்வி இந்த அத்தியாயத்துக்குள் அடங்காது. பின்னால் வரும்.

எட்டாவது மாடி கட்டிங் பிரிவு. மெல்லிய பருத்தித் துணியை நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்காக விரித்து, நடுநடுவே மெல்லிய காகிதம் வைத்து, ஒரே வெட்டாக வெட்டுவார்கள். விழுகிற துண்டுகள் மேஜைக்கு அடியில் உள்ள மரப்பெட்டிகளுக்குப் போகும். கட்டிங் வேஸ்ட்டை வாங்கிக்கொள்ள ஒரு வியாபாரி இருந்தார். கடைசியாக அவர் வந்து எடுத்துப்போனது ஜனவரி நடுவில். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கும் மேலாகச் சேர்ந்த குப்பை மேஜைக்கு அடியிலேயே கிடந்தது. அதில் விழுந்தது சிகரெட் துண்டோ தீக்குச்சியோ, அப்படித்தான் விசாரித்தவர்கள் முடிவு செய்தார்கள். தலைக்கு மேலே கம்பியில் காகித மாதிரிகள் தொங்கிக்கொண்டிருந்தன. வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள்.

எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடிக்கு டெலிபோனில் சொல்லிவிட்டார்கள். முதலாளிகளும் அலுவலக ஆட்களும் அங்கேதான் இருந்தார்கள். மொட்டைமாடி ஏறி, பக்கத்துப் பல்கலைக்கழகக் கட்டடத்திலிருந்து மாணவர்கள் இறக்கிய ஏணியில் தப்பினார்கள். ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட தையல் மெஷின்கள் நீளநீளமான மேஜைகளில் நெருக்கமாகப் போட்டிருந்த மாடி அது. தீயே வந்துதான் சேதி சொன்னது.

அங்கிருந்து இறங்க இரண்டு மாடிப்படி. கிரீன் தெருப் பக்கம் ஒன்று, வாஷிங்டன் பிளேஸ் பக்கம் ஒன்று. கிரீன் தெருப் படியைத் தீ சீக்கிரமே மறித்துக்கொண்டது. பின்பக்கத்து இரும்பு அவசரப்படி கூட்டத்தின் கனம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. லிஃப்ட் ஓட்டிய ஜோசப் ஜீட்டோவும் காஸ்பர் மோர்ட்டிலாரோவும் முடிந்தவரை ஏறி இறங்கினார்கள்; பிழைத்த பலர் அவர்களால் பிழைத்தவர்கள். தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. ஜன்னலிலிருந்து குதித்தவர்களை வலை தாங்கவில்லை. மீதி இருந்தது வாஷிங்டன் பிளேஸ் கதவு. அது திறக்கவில்லை.

அந்தக் கதவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து போகும்போது பெண்கள் எல்லோரும் கிரீன் தெருப் பக்கமாக மட்டுமே போக வேண்டும். அங்கே ஒருவர் நின்று ஒவ்வொருவர் கைப்பையையும் திறந்து பார்ப்பார். பிளவுஸோ, துண்டுத் துணியோ, லேஸோ திருட்டுப் போகக் கூடாதே. இன்னொரு கதவு திறந்திருந்தால் சோதனைக்கு அர்த்தம் இல்லை. ஆகவே வேலை முடியும் நேரத்தில் வாஷிங்டன் பிளேஸ் கதவு பூட்டியிருக்கும் என்று பிழைத்த பெண்கள் சொன்னார்கள். பின்னால் நீதிமன்றத்தில் ஹாரிஸிடம், இப்படித் திருட்டுப் போன சரக்கின் மதிப்பு எவ்வளவு இருக்கும் என்று கேட்டபோது, 25 டாலருக்கு மேல் இருக்காது என்று ஒப்புக்கொண்டார்.

கதவைப் பூட்டக் கூடாது என்று சட்டம் இல்லையா? இருந்தது. நியூயார்க் தொழிலாளர் சட்டத்தின் 80-ஆம் பிரிவு, ஆலைக் கதவுகளை வேலை நேரத்தில் பூட்டவோ தாழிடவோ கூடாது என்று தெளிவாகவே சொன்னது. அதே பிரிவு, கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் ‘முடிந்த இடத்தில்’ என்று ஒரு வால் சேர்த்துச் சொன்னது. ஆஷ் கட்டடத்தில் கதவுக்கும் படிக்கும் நடுவே இடம் இல்லை. ஆகவே முடியவில்லை, ஆகவே கதவு உட்புறமாகத் திறந்தது. கூட்டம் நெருக்கியடித்தால் உட்புறமாகத் திறக்கும் கதவு என்ன ஆகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும். ஒரு சட்டத்தைக் கொல்ல அதை ரத்து செய்ய வேண்டியதில்லை, ‘முடிந்தவரை’ என்று ஒரு சொல் போதும்.

ஏப்ரலில் பிளாங்க், ஹாரிஸ் இருவர் மேலும் கொலையாகாத மரணம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. கதவைப் பூட்டியது சிறு குற்றம்தான். ஆனால் சிறு குற்றம் செய்துகொண்டிருக்கையில் அதனால் ஒருவர் செத்தால் அது பெருங்குற்றம் ஆகும். அரசுத் தரப்பின் வாதம் இதுதான். 146 பேரில் மார்கரெட் ஷ்வார்ட்ஸ் என்ற ஒரு பெண்ணின் சாவை மட்டும் எடுத்துக்கொண்டு வழக்கை நடத்தினார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து கிடைத்த பூட்டு சாட்சியமாக வந்தது, நாக்கு வெளியே நீண்டு பூட்டிய நிலையில்.

டிசம்பர் 4 அன்று விசாரணை தொடங்கியது. முதலாளிகளின் வக்கீல் மேக்ஸ் ஸ்டூயர். அவரும் குடியேறிப் பிழைக்க வந்தவர், சிறுவயதில் தையல் ஆலை வேலையை அறிந்தவர். அவர் கேட் ஆல்டர்மன் என்ற பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்த விதம் இன்றுவரை வக்கீல்கள் பேசிக்கொள்ளும் விஷயம். மார்கரெட்டைக் கடைசியாகப் பார்த்தவர் கேட். கதவருகே அவள் நின்ற கோலத்தையும், தான் தீயைத் தாண்டி ஓடியதையும் சொன்னார். ஸ்டூயர் அவரை மிரட்டவில்லை, மடக்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே சொற்கள், அதே வரிசை. ஒரு சொல் விட்டுப் போனபோது அதையும் எடுத்துக்கொடுத்துச் சேர்க்க வைத்தார். மனப்பாடம் செய்துகொடுத்த சாட்சி என்று ஜூரி தாங்களே நினைத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார். ஆங்கிலம் புதிதாகக் கற்ற ஒரு பெண், வாழ்க்கையின் மிகக் கொடிய அரைமணி நேரத்தை அந்நிய மொழியில் சொல்ல நேர்ந்தால் வரிகளை ஒத்திகை பார்க்காமல் என்ன செய்வாள்? ஜூரி வரிசையில் இருந்த பன்னிரண்டு ஆண்களுக்கு இது தோன்றியதாகத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பும் சாட்சிகளைக் கொண்டுவந்தது. சாவி எப்போதும் கதவிலேயே கயிற்றில் கட்டித் தொங்கும், யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள்.

கடைசியில் நீதிபதி தாமஸ் கிரெய்ன் ஜூரிக்குச் சட்டத்தை விளக்கினார். வழக்கின் தலைவிதி இங்கேதான் எழுதப்பட்டது. கதவு பூட்டியிருந்தது என்று நிரூபணமானால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது என்று இந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாக வேண்டும் என்றார். ஜூரி இரண்டு மணி நேரம்கூட எடுக்கவில்லை. டிசம்பர் 27 அன்று விடுதலை. கதவு பூட்டியிருந்ததை நம்பினேன், ஆனால் அவர்களுக்குத் தெரியும் என்பதை நம்ப முடியவில்லை என்று ஜூரியில் ஒருவரே பின்னால் சொன்னார். சட்டப்படி பார்த்தால் அவர் பேச்சில் பிழை இல்லை. பிழை, முதலாளியின் மனசுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று கேட்ட சட்டத்தில் இருந்தது.

இறந்தவர்கள் குடும்பங்கள் போட்ட சிவில் வழக்குகள் 1914-ல் சமரசத்தில் முடிந்தன. உயிர் ஒன்றுக்கு 75 டாலர். முதலாளிகளுக்குக் காப்பீட்டிலிருந்து வந்த பணமோ, அவர்கள் நிரூபித்துக் காட்டிய நஷ்டத்தைவிடச் சுமார் 60,000 டாலர் அதிகம். 1913-ல் பிளாங்க்கின் புதிய ஆலையில், வேலை நேரத்தில், உள்ளே பெண்கள் இருக்கையில், மறுபடியும் ஒரு கதவு பூட்டியிருந்தது. அபராதம் 20 டாலர்.

ஆனால் விடுதலைத் தீர்ப்பு வருவதற்கு முன்பே வேறொரு காரியம் தொடங்கிவிட்டது. 1911 ஜூனில் மாநில அரசு ஆலை விசாரணைக் கமிஷனை அமைத்தது. தலைவர் செனட்டர் ராபர்ட் வாக்னர், துணைத்தலைவர் ஆல் ஸ்மித். இருவரும் டாமனி ஹால் என்ற நியூயார்க் அரசியல் இயந்திரத்தில் வளர்ந்தவர்கள். சீர்திருத்தக்காரர்கள் என்று அதுவரை யாரும் அவர்களைச் சொன்னதில்லை. தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸும், பெண் தொழிலாளர்களுக்காகப் பாடுபட்ட மேரி டிரையரும் உறுப்பினர்கள். கமிஷனுக்காக ஆலை ஆலையாக ஆய்வு செய்தவர்களில் முப்பத்தொரு வயது பிரான்சஸ் பெர்கின்ஸ் ஒருவர். தீவிபத்தன்று அருகில் ஒரு வீட்டில் தேநீர் விருந்துக்கு வந்திருந்தவர், சத்தம் கேட்டு ஓடிப்போய் ஜன்னல்களிலிருந்து பெண்கள் விழுவதைக் கண்ணால் கண்டவர்.

பெர்கின்ஸுக்கு ஒரு சாமர்த்தியம் இருந்தது. அறிக்கை கொடுத்தால் அரசியல்வாதி படிக்க மாட்டான் என்று தெரியும். ஆகவே கூட்டிக்கொண்டு போனார். கயிறு திரிக்கும் ஆலை ஒன்றில் பத்து மணி நேர இரவு ஷிஃப்ட் முடிந்து பெண்கள் தள்ளாடி வெளியே வருவதை ஆல் ஸ்மித்தை வாசலில் நிறுத்திப் பார்க்க வைத்தார். வேறொரு ஆலையில் ‘தீ அவசர வழி’ என்று எழுதிய ஒரு சின்ன ஓட்டை சுவரில் இருந்தது. அதற்கு வெளியே, தரைக்குப் பல அடி உயரத்திலேயே நின்றுபோகும் ஏணி, அதில் பனி உறைந்திருந்தது. செனட்டர் வாக்னரை அந்த ஓட்டை வழியாகத் தவழ்ந்து வெளியே போகச் சொன்னார் அந்த அம்மாள். போனார். ஆயிரம் பக்க சாட்சியம் செய்யாததை அந்த ஓட்டை செய்திருக்கும்.

1911-க்கும் 1914-க்கும் நடுவே முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் சட்டங்கள் வந்தன. எல்லாவற்றையும் இங்கே அடுக்கப் போவதில்லை. கட்டிங் வேஸ்ட்டைத் தீப்பிடிக்காத பெட்டியில் போட வேண்டும். ஆலைக்குள் புகை பிடிக்கக் கூடாது. தரைத்தளத்துக்கு மேலே 25 பேருக்கு மேல் வேலை செய்தால் தீ ஒத்திகை நடத்த வேண்டும். ஏழாவது மாடிக்கு மேலே 200 பேருக்கு மேல் இருந்தால் தானியங்கி நீர்த்தெளிப்பான் வைத்தாக வேண்டும். ஆலை நடத்துகிறவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் அதுவரை நியூயார்க்கில் யார் எந்த மாடியில் ஆலை நடத்துகிறார் என்று அரசிடம் முழுக் கணக்கே கிடையாது. பெயர் தெரியாத முதலாளியை எந்தச் சட்டமும் பிடிக்காது.

இந்தச் சட்டங்களின் நடையைக் கவனித்தால் ஒன்று புரியும். ஒத்திகை நடந்ததா, பெட்டி இருக்கிறதா, தெளிப்பான் இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கலாம். செத்தபிறகு முதலாளியின் மனசைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. ரியல் எஸ்டேட்காரர்கள் இதை எதிர்த்துக் கத்தினார்கள், செலவு தாங்காது என்றார்கள், ஆலைகள் வேறு மாநிலத்துக்கு ஓடிவிடும் என்றார்கள். இந்த வாதத்தை இந்தத் தொடரில் நாம் எத்தனையாவது முறையாகக் கேட்கிறோம்!

ஐவ்ஸ் வழக்கில் செத்துப்போன நஷ்டஈட்டுச் சட்டமும் எழுந்து வந்தது. மாநில அரசியல் சாசனத்தையே 1913 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தித் திருத்தினார்கள். புதிய சட்டம் 1914 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது; 1917-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. யார் தப்பு என்ற கேள்வி நஷ்டஈட்டு விஷயத்தில் அதோடு போனது. பெர்கின்ஸ் 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண். நாடு முழுதுக்கும் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் வகுத்த 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் காலத்தில் வந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு கூரான பிரிவு உண்டு: கூலிச் சட்டத்தை மீறித் தைத்த சரக்கை மாநிலம் தாண்டி அனுப்பவே கூடாது. தைத்தவர் காண்ட்ராக்டர், எனக்குத் தெரியாது என்று சொல்லும் கம்பெனியின் சரக்கையும் அதனால் தடுத்து நிறுத்தலாம். அந்தக் கதைக்கு 1995-ல் கலிஃபோர்னியாவின் எல் மான்டே ஊருக்குப் போக வேண்டும். அடுத்த இதழில் போவோம்.

நம் ஊருக்கு வந்தால், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, ஆள் இருக்கும் அறையின் கதவு உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி பூட்டியிருக்கக் கூடாது, வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்று எழுதியது. பொறுப்பு யாருக்கு? ‘ஆக்குபையர்’ என்று ஆலைகளில் சொல்கிறோமே, ஆலையின் இறுதிக் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறதோ அவருக்கு. ரொம்ப காலம் கம்பெனிகள் அந்த இடத்தில் ஓர் அதிகாரியின் பெயரை எழுதிவிட்டு டைரக்டர்கள் நிம்மதியாக இருந்தார்கள். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987 திருத்தம், கம்பெனி என்றால் டைரக்டர் ஒருவர்தான் ஆக்குபையர் என்றது. ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் அதை எதிர்த்துப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் 1996-ல் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

தப்பிக்க வழியே இல்லாமல் இருந்ததா என்றால், அந்தச் சட்டத்தில் 101-ஆம் பிரிவு இருந்தது. குற்றம் செய்தது வேறொருவர், என் அறிவோ சம்மதமோ இல்லாமல் நடந்தது, தடுக்க உரிய அக்கறை எடுத்தேன் என்று ஆக்குபையர் சொல்ல முடிந்தது. ஆனால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஸ்டூயருக்கு 1911-ல் இந்தச் சுமை இருந்திருந்தால் கேட் ஆல்டர்மனை எத்தனை முறை பேச வைத்தாலும் போதாமல் போயிருக்கும். பிளாங்க்கையே கூண்டில் ஏற்றி, அந்தக் கதவு பூட்டாமல் இருக்க நீ என்ன செய்தாய் என்று கேட்டிருக்க வேண்டியிருக்கும்.

ஆலையில் வேலை பார்க்கும் வாசகர்கள், உங்கள் ஆலையின் உரிமத்தில் ஆக்குபையர் என்று யார் பெயர் எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள்.

(தொடரும்)